அம்மி கொத்துவதற்குள்

ஃபோனை உள்ள வைங்க சார். அந்த வீடியோவை எனக்குக் காட்ட வேண்டாம். அது எடுத்தப்ப நான் மேடைக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன், கையில சந்தனக் கிண்ணத்தோட. நீங்க பார்த்தது இருபது செகண்டு இருக்குமா? நான் ஆறு வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

உக்காருங்க. அந்த நாற்காலிக்குத்தான் ஃபேன் காத்து நல்லா வரும். ஆடி மாசம்ல, மண்டபத்துல ஈ காக்கா கிடையாது. நானும் இந்தப் புறாக்களும்தான். மோர் கொண்டு வந்திருக்கேன், குடிங்க. வெயில்ல நாமக்கல்லேருந்து பஸ்ல வந்திருக்கீங்க.

அக்கா பையனுக்குப் பொண்ணு பார்த்திருக்கீங்க, பையனுக்கும் பொண்ணைப் பிடிச்சுப் போச்சு. சந்தோஷம். வினோதினி தங்கமான பொண்ணு. இந்தத் துறையூர்ல பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்குற வேலை பார்க்குது, பல் வலியோட போறவன்கூட அது பேசுற பேச்சுல பாதி வலியை மறந்துடுவான். ஆனா உங்க அக்காவுக்கு அந்த வீடியோ உறுத்துது. நியாயம்தான். பெத்தவளுக்கு உறுத்தும். விசாரிச்சுட்டு வாடான்னு தம்பியை அனுப்பியிருக்காங்க, நீங்களும் நேரா இங்க வந்து, "உங்க அம்மி சரியாத்தானே இருந்துச்சு?"ன்னு கேக்கறீங்க.

இதே கேள்வியை இதே வார்த்தையில ஒருத்தர் முன்னாடியே கேட்டுட்டாரு சார். இதே நாற்காலியில உக்காந்துதான் கேட்டாரு. அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன்கிறதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன். நான் குடிகாரன் இல்ல. இதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

நான் பெங்களூர்ல ஒரு பீர் கம்பெனியில பதினாலு வருஷம் இருந்தவன். கம்பெனி பேரு வேண்டாம், அதுவே இப்ப இல்ல. எனக்கு அங்க மில்லு வேலை. முளைகட்டிக் காயவெச்ச பார்லி வரும், அதை உடைச்சு அனுப்பணும். கேக்க சுளுவா இருக்கும். ஆனா அங்கதான் சார் சூட்சுமமே. உள்ள இருக்கிற பருப்பு மூணா நாலா உடையணும், மேல இருக்கிற உமி முழுசா நிக்கணும். மாவாப் போச்சுன்னா வெந்நியில களி மாதிரி கட்டிக்கும், ஒரு சொட்டு இறங்காது. உமி கிழிஞ்சா துவர்க்கும். உமிதான் வடிகட்டி, அது மேலேயே தங்கி அது வழியாவே சாறு தெளிவா இறங்கணும். ரெண்டு இரும்பு உருளை, நடுவுல தலைமுடி அளவு இடைவெளி. சத்தத்தை வெச்சே உடைசல் சரியா தப்பான்னு சொல்லிடுவேன். ஜெர்மனியிலேருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் என் உடைசலை உள்ளங்கையில கொட்டிப் பார்த்துட்டுத் தோள்ல தட்டினாரு. அது வேற விஷயம்.

கம்பெனியை மூடிட்டாங்க. ஊருக்கு வந்தேன், இந்த நல்லநாயகி மஹாலுக்கு மேனேஜரானேன். வேலை ஒண்ணும் குறை சொல்ல முடியாது. ஆனா ஆடி வந்தா முகூர்த்தம் கிடையாது, மார்கழி வந்தா முகூர்த்தம் கிடையாது. அண்டா இருக்கு, பெரிய அடுப்பு இருக்கு, மொட்டை மாடி நிறைய வெயில் இருக்கு. சும்மா உக்காந்திருக்கிற மனுஷன் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? ஒரு ஆடியில பார்லி வாங்கி ஊறப்போட்டேன். சட்டப்படி தப்புதான், தெரியும். நான் யாருக்கும் விக்கலை. ரெண்டு டம்ளர் நான் குடிப்பேன், எலெக்ட்ரீஷியன் பெர்னாட் ரெண்டு டம்ளர் குடிப்பான், மிச்சத்தைச் செடிக்கு ஊத்திடுவோம். மப்புக்காகப் பண்ணலை சார். கை மறந்துடக் கூடாதுன்னுதான்.

முளைகட்டினேன், காயவெச்சேன், எல்லாம் சரி. உடைக்க மில்லு எங்க போறது? மிக்ஸியில போட்டேன், ரெண்டு சுத்துல பவுடராயிடுச்சு. கிரைண்டர்ல போட்டா அது இதை விட மோசம். மாவு மில்லுக்கு எடுத்துட்டுப் போனா, என்ன மாவு, எதுக்கு மாவு, யாருக்கு உடம்பு சரியில்லன்னு நாலு பேரு கேப்பான். சப்பாத்திக் கட்டையால துணிப்பையில போட்டு உருட்டினேன், ஒரு படி உடைக்க ஒரு மத்தியானம் ஆச்சு, தோள்பட்டை கழண்டு போச்சு. வீட்ல தனபாக்கியம் வேற சப்பாத்திக் கட்டை எங்கன்னு தேட ஆரம்பிச்சுட்டா.

அப்பதான் ஸ்டோர் ரூம்ல இந்த அம்மியைப் பார்த்தேன். மண்டபத்து அம்மி. இதுல யாரும் எதுவும் அரைக்கறதில்ல. சமையல்காரங்க அவங்க மெஷினை அவங்களே கொண்டு வந்துடறாங்க. கல்யாணத்தன்னிக்கு மேடையில தூக்கி வெப்போம், பொண்ணு காலை மாப்பிள்ளை புடிச்சு இது மேல வெச்சு மெட்டி போடுவாரு, அவ்வளவுதான் இதுக்கு வேலை. மிச்ச நாள் பூரா சும்மா கிடக்குற கல்லு. பார்லியைப் பரப்பி, குழவியை அழுத்தி இழுக்காம சும்மா உருட்டிப் பார்த்தேன். சார், அப்படியே உருளை மில்லு. பருப்பு உடையுது, ஆனா கல்லுல கொத்துன பள்ளம் இருக்குல்ல, அதுல உமி மாட்டிக் கிழியுது. கல்லு மட்டும் வழவழன்னு இருந்தா போதும்.

சாணைக்கல் வாங்கிட்டு வந்தேன். தண்ணி ஊத்தி ஊத்தி நாலு மத்தியானம் தேய்ச்சேன். அம்மியையும் தேய்ச்சேன், குழவியையும் தேய்ச்சேன். பளிங்கு மாதிரி ஆயிடுச்சு, முகம் பார்க்கலாம். அப்புறம் உடைச்ச உடைசலைப் பார்த்துட்டு நான் அழுதுட்டேன் சார், உண்மையைச் சொன்னா. பதினாலு வருஷத்து வேலை கைக்குத் திரும்ப வந்த மாதிரி இருந்துச்சு. அந்த வருஷத்து பீரு, பெர்னாட் இன்னிக்கும் சொல்லுவான்.

மோர் குடிங்க, சூடாயிடும்.

இப்ப மாரிக்கண்ணு விஷயத்துக்கு வர்றேன். அம்மி கொத்துற ஆளு. வருஷா வருஷம் ஆடி கடைசியில உளியும் சுத்தியலுமா வந்து, ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி இந்த அம்மியைக் கொத்திக் குடுத்துட்டுப் போவான். எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் காலத்துலேருந்து வழக்கம். அரைக்காத அம்மியை எதுக்குக் கொத்தணும்னு நான் ஒரு தடவையும் யோசிச்சதில்ல. அந்த வருஷமும் வந்தான். நாலு நாள் தேய்ச்ச கல்லு சார். கொத்தினா எல்லாம் போச்சு, மார்கழிக்கு மறுபடி முதல்லேருந்து தேய்க்கணும். இந்த வருஷம் வேண்டாம்ப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். கல்லை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்னான். ஸ்டோர் சாவி இல்லன்னு சொன்னேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு.

ஆவணி முதல் முகூர்த்தம் வினோதினிக்கு. மாப்பிள்ளை முசிறிப் பையன். எழுநூறு பேரு. அம்மியை நான்தான் ரெண்டு ஆளை விட்டு மேடைக்குத் தூக்கியாரச் சொன்னேன். நல்லாக் கழுவித்தான் குடுத்தேன், பார்லி வாசம்கூட இருக்கக் கூடாதுன்னு சீயக்காய் போட்டுத் தேய்ச்சேன். அதையெல்லாம் கவனமாத்தான் செஞ்சேன் சார். பொம்பளைங்க வழக்கம்போல அது மேல மஞ்சத்தண்ணி தெளிச்சு, குங்குமம் வெச்சாங்க. அந்தப் பொண்ணு வலது காலைத் தூக்கி வெச்சுது, மாப்பிள்ளை குனிஞ்சு மெட்டியைப் போடப் போனாரு.

மிச்சத்தை நீங்க வீடியோவுல பார்த்திருக்கீங்க. கால் வழுக்கி முன்னாடி போச்சு. குனிஞ்சிருந்தவர் வாயிலேயே போய் பட்டுது. பொண்ணு பின்னாடி விழுந்துது. மாப்பிள்ளை உதடு கிழிஞ்சு பட்டு வேட்டியெல்லாம் ரத்தம். நாதஸ்வரம் நின்னு போச்சு. அப்ப மாப்பிள்ளையோட பெரியத்தை ஒருத்தி, தாலி ஏறி கால் மணி நேரம்கூட ஆகலை, மேடையில நின்னுக்கிட்டு நிதானமாச் சொன்னா.

"அம்மியில நிக்காத கால், எங்க வீட்ல எங்க நிக்கப் போகுது."

கத்தலை சார். கத்தியிருந்தா ஆத்திரத்துல சொல்லிட்டான்னு போயிருக்கும். மெதுவாச் சொன்னா, அதான் எல்லாருக்கும் கேட்டுது. அந்தப் பொண்ணு தரையில உக்காந்தபடியே தன் காலையே பார்த்துக்கிட்டிருந்துச்சு, அது என்னமோ அடுத்தவங்க கால் மாதிரி.

நான் அப்பவே வாயைத் திறந்திருக்கணும். பொண்ணு மேல தப்பில்ல, கல்லுலதான் வழுக்கல்னு ஒரே ஒரு வார்த்தை. ஆனா சொன்னா, ஏன் வழுவழப்பு, யாரு தேய்ச்சா, எதுக்குத் தேய்ச்சேன்னு அடுத்த கேள்வி வருமே. மண்டபத்துல பீர் காய்ச்சினான்னு முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும், தனபாக்கியத்துக்குத் தெரிஞ்சா வீடும் போயிடும். சந்தனக் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு, பஞ்சு எங்க, டிங்சர் எங்கன்னு ஓடினேன். ரொம்பப் பொறுப்பான மேனேஜர்னு அன்னிக்கு எல்லாரும் சொன்னாங்க.

மறுநாளே மாரிக்கண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து கல்லு மேல கையை வெச்சான். வெச்ச கையை எடுக்காம என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இது மேல யாராச்சும் காலை வெச்சாங்களாய்யா?"

இல்லப்பான்னேன். நல்லவேளைன்னு சொல்லிட்டு உக்காந்து கொத்த ஆரம்பிச்சான். ஒவ்வொரு கொத்துக்கும் எனக்குப் பாரம் குறையுற மாதிரி இருந்துச்சு, அதையும் மறைக்காமச் சொல்றேன்.

அந்த வீட்ல அந்தப் பொண்ணு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு நேராத் தெரியாது. காதுல விழுந்ததுதான். கார்த்திகையில மாமனார் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து செத்துப் போயிட்டாரு. அவருக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பத்து வருஷமா இருந்துச்சு. ஆனா வழுக்கி விழுந்தாருன்னதும் எல்லாருக்கும் இந்த வீடியோதான் ஞாபகம் வந்துச்சு. தலைப் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பினவங்க, திரும்பக் கூப்பிட வரவே இல்ல. அந்தப் பையன் கெட்டவன் இல்லன்னு சொல்றாங்க. அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான், அவ்வளவுதான். கோர்ட்டுல முடிஞ்சு போச்சு.

பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும், சிவக்கொழுந்து சார் இங்க வந்தாரு. வினோதினி அப்பா. பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்தவர், அதிர்ந்து பேச மாட்டாரு. நீங்க உக்காந்திருக்கிற மாதிரியே உக்காந்தாரு. மேனேஜர் சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க அம்மி சரியாத்தானே இருந்துச்சுன்னு கேட்டாரு.

எனக்குக் கோவம் வந்துச்சு சார். நம்ப மாட்டீங்க, நெஜமாவே கோவம். முப்பது வருஷமா எத்தனை பொண்ணுங்க நின்ன அம்மி, எங்க மண்டபத்து மேல பழி போடறீங்களான்னு கேட்டேன். விடலை. வாங்க, வந்து நீங்களே தொட்டுப் பாருங்கன்னு கையைப் புடிச்சு ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கொத்தின அம்மி. கையை வெச்சா கீறும். அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, மண்டி போட்டு உக்காந்து, உள்ளங்கையால மேலேருந்து கீழ வரைக்கும் தடவிப் பார்த்தாரு. ரெண்டு தடவை தடவினாரு.

"ஆமா, சொரசொரன்னுதான் இருக்கு. அப்ப என் பொண்ணு கால்தான்" அப்படின்னாரு.

எந்திரிச்சு, சிரமம் குடுத்துட்டேன்னு எனக்குக் கும்பிடு போட்டுட்டுப் போனாரு. எனக்கு, சார். கும்பிடு.

அதோட பீர் காய்ச்சுறதை விட்டுட்டேன். சத்தியமா. அந்தப் பொண்ணு ரோட்டுல போனா நான் உள்ள வந்துடுவேன். ஒரு தடவை ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு இங்க வந்துச்சு. முன் வரிசையில சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மேடைக்கு அம்மியைத் தூக்கிட்டு வர்றதைப் பார்த்ததும் எந்திரிச்சு, பந்திக்கே இன்னும் நேரம் ஆகலை, கீழ சாப்பாட்டு ஹாலுக்குப் போய் காலி மேஜை முன்னாடி தனியா உக்காந்திருந்துச்சு. நான் எதுக்கோ இறங்கினவன் பார்த்துட்டேன். தண்ணி வேணுமாம்மான்னு கேட்டேன். வேண்டாம் அங்கிள்னு சிரிச்சுது. தண்ணியைக் குடுத்தா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சிருக்கேன் பாருங்க.

என்ன சார், மூக்கைச் சுளிக்கிறீங்க?

ஆமா. புளிச்ச வாசம் வருது. ஸ்டோர் ரூம்லேருந்துதான் வருது.

விட்டுட்டேன்னு சொன்னது பொய்யில்ல, நாலு வருஷம் விட்டுட்டேன். போன வருஷம் ஆடி. மழை பெய்யுது, சும்மா உக்காந்திருக்கேன். வயசாச்சு, இன்னும் எத்தனை ஆடி இருக்குன்னு தோணுச்சு. ரெண்டு பலகை நடுவுல வெச்சு நசுக்கிப் பார்த்தேன், சோடா பாட்டிலை உருட்டிப் பார்த்தேன், எதுவும் அம்மிக்கிட்ட நிக்கலை. மறுபடி தேய்ச்சேன். ஆனா இப்ப ஜாக்கிரதையா இருக்கேன் சார். ஆவணிக்கு முன்னாடி மாரிக்கண்ணை மறக்காமக் கூப்பிட்டுக் கொத்திடுறேன். போன வருஷம் ஒரு பொண்ணும் வழுக்கலை. இந்த வருஷமும் நாளைக்குக் காலையில வர்றேன்னு சொல்லியிருக்கான். இந்தத் தடவை உடைசல் பிரமாதமா வந்திருக்கு, நீங்க பார்த்தா... சரி, வேண்டாம்.

இங்க வாங்க. பார்த்து, படி இருக்கு. இதுதான். செருப்பைக் கழட்டுங்க. இந்தச் சொம்புத் தண்ணியைக் கால்ல ஊத்திக்கிட்டு இது மேல வலது காலை வைங்க. சும்மா வைங்க சார், நான் புடிச்சுக்கறேன்.

புடிச்சுட்டேன், புடிச்சுட்டேன். அடிபடலையே? முட்டி? நல்லவேளை. உங்களை மாதிரி ஆளே நிக்க முடியலை பார்த்தீங்களா. பட்டுப் புடவையோட, எழுநூறு பேரு பார்க்க, ஒத்தைக் காலைத் தூக்கி வெச்ச பொண்ணு எப்படி நிக்கும்?

போய் உங்க அக்காகிட்டச் சொல்லுங்க. பொண்ணு கால்ல ஒண்ணும் இல்ல, கல்லுதான்னு சொல்லுங்க. ஆனா யாரு சொன்னாங்கன்னு மட்டும் சொல்ல வேண்டாம். கல்லு பழசு, தானாத் தேஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்களேன். பீரு, சாணைக்கல்லு இதெல்லாம் எதுக்கு அந்தம்மாவுக்கு? எனக்கு இன்னும் மூணு வருஷ சர்வீஸ் இருக்கு.

என்ன அப்படிப் பார்க்கறீங்க?

அதுவும் சரிதான். தானாத் தேஞ்ச கல்லுன்னா, மத்த பொண்ணுங்கள்லாம் ஏன் விழலைன்னுதான் உங்க அக்கா கேப்பாங்க. அந்தப் பெரியத்தை மாதிரி ஒருத்தி உங்க வீட்லயும் இருப்பா, அவளும் கேப்பா. நான் நேர்ல வந்து சொன்னாத்தான் நிக்கும். தேய்ச்சவன் வாயால சொன்னாத்தான்.

ஆனா முதல்ல உங்க அக்கா வீட்டுக்கு வேண்டாம் சார். முதல்ல சிவக்கொழுந்து சார் வீட்டுக்கு. பெருமாள் கோயில் பின்னாடி, ரெண்டாவது சந்து. அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு அன்னிக்குத் தடவினாரே, அதே மாதிரி இதை ஒரு தடவை தடவிப் பார்க்கணும். அந்தப் பொண்ணும் தடவிப் பார்க்கணும். வெறும் பேச்சைக் கொண்டுக்கிட்டு என்னால அந்த வீட்டு வாசப்படி ஏற முடியாது. கல்லோடதான் போகணும். ஆட்டோ ஸ்டாண்டு எதிர்லயே இருக்கு.

இப்பவே கிளம்பணும் சார். சட்டை மாத்தினாக்கூட மனசு மாறிடும். நாளைக்குக் காலையில மாரிக்கண்ணு வந்துடுவான். அவன் கொத்திட்டா எனக்கு மறுபடியும் தைரியம் வந்துடும், தொட்டுப் பாருங்கன்னு யாரு கையை வேணாலும் புடிச்சு இழுத்துக்கிட்டு வருவேன். என்னை எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் புடிங்க. கனமா இருக்கும், வழுக்கும், அடியில கையைக் குடுத்துத் தூக்குங்க.